முஸ்திக்கா விற்கும் என் குரல்

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருடைய நாக்கும் நீலமாக இருக்கும். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. எண்பதைக் கடந்தவர்கள் நீலப் பற்களோடு எனக்கு நன்றி சொல்லிவிட்டுச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், ஒரு மூதாட்டியின் உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டு பதறி, எனக்கு மூத்தவரான ரீத்தாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். ரீத்தா பார்த்தார். "முஸ்திக்கா" என்றார். திரும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினார். வடக்குப் பின்லாந்தில் ஒரு கேள்விக்கு ஒரு சொல் போதும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

முஸ்திக்கா ஒரு காட்டுப் பழம். பைன் மரங்களின் அடியில் முழங்கால் உயரம்கூட எட்டாத செடியில், சுண்டைக்காயைவிடச் சிறியதாகக் காய்க்கிறது. யாருடைய காடாக இருந்தாலும் யாரும் போய்ப் பறிக்கலாம், சட்டமே அப்படித்தான். பெருநகர் என்ற எங்கள் கிராமத்தில் ஏரிக்கரைப் புளியமரத்தை ஏலம் எடுத்தவர் பார்த்துக்கொண்டிருந்தால் கீழே விழுந்த புளியைக்கூடத் தொட முடியாது. அந்த ஊரிலிருந்து வந்த எனக்கு, அடுத்தவர் காட்டில் வாளியோடு குனிந்து நிற்பதற்கு இரண்டு கோடைகள் கூச்சமாக இருந்தது. பழத்தை வாயில் போட்டதும் கூச்சம் போய்விட்டது. அதே கருநீலம், அதே துவர்ப்பு, நாக்கில் அதே சாயம். நாவல்பழத்தை யாரோ கொட்டையை எடுத்துவிட்டுச் சிறியதாக உருட்டி வைத்தது போல இருந்தது.

நம் ஊரில் எந்தப் பண்டத்தைத் தின்றாலும் அது எதற்கோ நல்லதாக இருக்க வேண்டும். முருங்கைக்கீரை ரத்தத்துக்கு, வெந்தயம் சூட்டுக்கு, நாவல்கொட்டை சர்க்கரை நோய்க்கு. அந்தப் பழக்கத்தில் ரீத்தாவிடம் கேட்டேன், "இது எதற்கு நல்லது?" அவர் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "பீராக்காவுக்கு." பீராக்கா என்றால் மாவைப் பரப்பி, மேலே பழத்தைக் கொட்டி அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டம்.

ஆகவே நானே தேடிப் படித்தேன். சமையலறை வேலைக்காக இங்கே ஊட்டச்சத்துப் பாடமும் படிக்க வேண்டியிருந்ததால் அது சிரமமாக இல்லை. முஸ்திக்காவில் நார்ச்சத்து நன்றாக இருக்கிறது. மாங்கனீசு இருக்கிறது. சர்க்கரை குறைவு. வைட்டமின் சி உண்டு, ஆனால் நம் நெல்லிக்காயின் பக்கத்தில் வைத்தால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கடையில் விற்கும் தோட்டத்துப் பெரிய ப்ளூபெர்ரியை வெட்டினால் உள்ளே வெளிறியிருக்கும், காட்டு முஸ்திக்கா உள்ளேயும் நீலம். அந்த நீலத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அது ரத்தக் குழாய்களுக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது, ரத்தச் சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள். ஆராய்ந்துகொண்டும் இருக்கிறார்கள். ஆனால் மருந்து என்று சொல்லும் அளவுக்கு எதுவும் உறுதிப்படவில்லை. காலைக் கஞ்சியில் ஒரு பிடி போட்டுச் சாப்பிட நல்ல பழம். என்னால் சொல்ல முடிந்த உண்மை இவ்வளவுதான்.

இந்த உண்மையைத்தான் என் தம்பி சேகருக்கும் சொன்னேன். அவன் உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஜூஸ் கடையும் கூடவே நாட்டு மருந்தும் வைத்திருக்கிறான். விடுமுறைக்குப் போனபோது முஸ்திக்காவைக் காயவைத்து அரைத்த பொடியில் இரண்டு பொட்டலம் அவனுக்குக் கொடுத்திருந்தேன். நான் திரும்பி வந்த பிறகு அழைத்தான்.

"அக்கா, அந்தப் பொடியப் பத்தி எல்லாரும் கேட்டுக்கினே கீறாங்க. எனக்கு சொல்லத் தெர்ல. நீயே பேசி அனுப்பேன். நம்மூரு பேச்சுல பேசு, டிவில நியூஸ் வாசிக்கிற மாரி பேசாத."

பேசி அனுப்பினேன். சமையல் முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, வரிசையாகச் சொன்னேன். என் கணவர் கோயம்புத்தூர்ப் பக்கம், என் 'இன்னா'வையும் 'கீது'வையும் கேட்டால் இன்றும் சிரிப்பார். அதனால் வீட்டிலும் நான் பொதுத்தமிழ் பேசப் பழகிவிட்டேன். வெகுகாலம் கழித்து என் சொந்தப் பேச்சை வாய்விட்டுப் பேசியது அந்தப் பதிவில்தான். பேசி முடித்தபோது கண் கலங்கியிருந்தது, அது பழத்தால் அல்ல. அதில் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன்: "பாக்கறதுக்கு நாவப்பழம் மாரியே கீது. சக்கரைக்கு நல்லதுன்னு சொல்லிக்கினு கீறாங்க, ஆனா இன்னும் உறுதியாவல. அதால சக்கர கீறவங்க, டாக்டர் குடுத்த மாத்திரய உடாம சாப்பிட்டுக்கினே வாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் காரணத்தோடுதான் சேர்த்தேன். எங்கள் பக்கத்தில் நாட்டு மருந்து எடுப்பவர்கள் இங்கிலீஷ் மருந்தைத் தொடமாட்டார்கள். இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்பது நம்பிக்கை. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பொடி வீட்டுக்குள் வந்தால் மாத்திரை தானாக நின்றுவிடும், பத்தியம் தானாகத் தொடங்கிவிடும். இது எனக்குத் தெரியும். சேகருக்கும் தெரியும். நாங்கள் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

இந்த ஜனவரியில் ஊருக்குப் போனேன். விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த சேகர், "ஒரு நிமிசம்க்கா, கடையில சாவி வாங்கினு வந்துடறேன்" என்று பேருந்து நிலையத்துக்கு எதிரில் காரை நிறுத்திவிட்டு இறங்கினான். கண்ணாடியை இறக்கினேன். ஒலிபெருக்கி கட்டிய குட்டியானை வண்டி ஒன்று மெதுவாக வந்தது. அதில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"நாவப்பழம் மாரியே கீது. சக்கரைக்கு நல்லது. உடாம சாப்பிட்டுக்கினே வாங்க."

முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சி. அதை மறைக்க விரும்பவில்லை. புழுதியும் ஹாரன் சத்தமுமாக இருந்த அந்தச் சாலையில் என் குரல் சொந்தக்காரியைப் போலப் போய்க்கொண்டிருந்தது. வண்டி திரும்பி மறுபடி வந்தபோதுதான் எதை எங்கே வெட்டி எதோடு ஒட்டியிருக்கிறான் என்பது காதில் விழுந்தது. வண்டியின் பக்கவாட்டில் பனிமலைப் படம், மேலே 'பனி நாவல்' என்ற எழுத்து, ஓரத்தில் என் முகம், அதன் கீழே 'செல்வி' என்று என் பெயர்.

சேகர் சிரித்துக்கொண்டே வந்தான். "பாத்தியா? நீ இப்ப நம்ம ஏரியாவுல பேமஸ். மானாம்பதி வரிக்கும் போவுது."

ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்து நாக்கில் வைத்தேன். மண் நிறம், கசப்பு. கார்க் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன், துளி நீலம் இல்லை. அரைத்த நாவல்கொட்டை.

"இதுல முஸ்திக்கா எங்கடா?"

"கீதுக்கா. நீ குடுத்தத எல்லாத்துலயும் ஒரு சிட்டிக தூவி உட்டேன். நாவக்கொட்டயும் சக்கரைக்கு நல்லதுதான? யாருக்கு இன்னா கெட்டுது?"

யாருக்கு என்பது மறுநாள் தெரிந்தது. பெருநகர் அரசுப் பள்ளியில் பத்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அஞ்சலை. எங்கள் நிலத்தில் அவள் வீட்டார் நடவு நட்டார்கள். அவள் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுவாள், நான்தான் அவள் வீட்டுக்குள் போய் உட்காருவேன். ஒவ்வொரு விடுமுறையிலும் முதலில் பார்க்கும் ஆள் அவள். இந்த முறை தெருவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இடது காலை ஒரு வாளியின் மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதம் முழுக்கக் கட்டு.

"வாங்க, பாரின்காரம்மா. பொடி தீந்துபோச்சி, எட்தாந்தியா?"

"காலு இன்னாச்சுடி?"

"புண்ணாச்சி, ஆறல. ரெண்டு வெரல எட்த்துட்டாங்க. மிச்சத்த பாத்துதான் சொல்லணும்ன்றாரு டாக்டரு. சக்கர கொறயலன்னா பாதமே போனாலும் போவுமாம்."

"மாத்திர?"

"அத்த எப்படிப் போடுறது? அத்தையும் இத்தையும் ஒண்ணா போட்டா முறிச்சிக்குமே. நர்சம்மா வூட்டாண்ட கொண்டாந்து குடுக்கறத அப்படியே டப்பாவுல போட்டு வச்சிட்டேன். கருவாடு தொடல, கத்திரிக்கா தொடல, சுத்த பத்தியம். எம்மவ கூட கேட்டா, இன்னாம்மா தூள தின்னுகினு கீறன்னு. செல்வி பொய் சொல்ல மாட்டாடின்னேன்."

"நான் நிறுத்தச் சொல்லலடி. மாத்திரய உடாம சாப்பிடுங்கன்னுதான் சொன்னேன். சேகர் அத்த வெட்டிட்டான்."

"எங்க சொன்ன? வண்டி தெனமும் வருது, தெனமும் கேக்கறேன். மாத்திரன்ற வார்த்தயே வர்ல." காலை வாளியின் மேல் நகர்த்தி வைத்தாள். "உன் தம்பிய எனக்கு இன்னாத்தத் தெரியும்? உன் கொரல தெரியும்."

என் கைபேசியில் முழுப் பதிவு இருந்தது. அவள் காதருகே வைத்தேன். முழுவதையும் கேட்டாள். மாத்திரை வரும் இடத்தில் மறுபடி வைக்கச் சொன்னாள். "நல்லாதான் சொல்லிகீற," என்றாள். "ஆனா இது உன் போன்ல கீது. அது தெருவுல கீது."

அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். ஊசி தொடங்கினார்கள். சர்க்கரை கட்டுக்குள் நின்றால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொன்னார், உறுதி தரவில்லை. அங்கிருந்து நேராகச் சேகரின் கடைக்குப் போனேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் பழரசம் பிழிந்து என் முன்னால் வைத்தான்.

"நான் மாத்திரய நிறுத்தச் சொன்னனா? எந்த எடத்துலயாச்சும் சொல்லிகீதா? நீயே கேட்டுப்பாரு."

"சொல்லல. நான் சொன்னத எடுத்துட்ட. எடுத்தா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியும்."

"நீ பனியில உக்காந்துகினு எது உறுதி, எது உறுதியில்லன்னு அளந்து பேசுற. அப்படிப் பேசினா எவன் வாங்குவான்? சரி, உடு. அழிச்சிடறேன். உம்மேல சத்தியம்."

என் கண்ணெதிரே கைபேசியிலிருந்து அழித்தான். குட்டியானையின் ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்தான். முழுப் பதிவையும் தெருத்தெருவாகப் போடுவதாகச் சொன்னான். கிளம்பும் நாளில் என் பெட்டியை அவனே தூக்கி வைத்தான். நான் அவன் தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த வாரத்தில் என் முகம் சரியில்லை என்று ரீத்தா கவனித்திருக்க வேண்டும். என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பின்னிஷ் மொழியில், பழ விஷயத்தில் தம்பி என்னை ஏமாற்றிவிட்டான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "இடத்தைச் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். இங்கே சதுப்பு நிலத்தில் ஹில்லா என்ற மஞ்சள் பழம் கிடைக்கும். அது விளையும் இடத்தைக் கூடப் பிறந்தவரிடம்கூடச் சொல்வதில்லை. பழத்தால் உடன்பிறந்தவர்களுக்குள் மனம் கசப்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான். இல்லை, அவன் என் குரலை எடுத்துக்கொண்டான் என்று விளக்கப் பார்த்தேன். சொற்கள் கிடைக்கவில்லை. ரீத்தா என் தோளைத் தட்டி, "தம்பிகளிடம் சொல்லக் கூடாது" என்றார். அவருக்குத் தெரியாமலேயே சரியாகச் சொல்லிவிட்டார்.

ஏப்ரலில் ஒருநாள் காலை, சமையலறையில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தபோது அஞ்சலையின் வீடியோ அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவள் அழைப்பவளில்லை. பயந்துகொண்டே எடுத்தேன்.

"செல்வி, இப்ப எங்க கீற?"

"வேலையில. காலு எப்படிக் கீது?"

"காலு கீது. நீ அங்க கீறன்னா, எங்க தெருவுல பேசிக்கினு கீறது யாரு?"

கைபேசியைத் திருப்பினாள். அதே குட்டியானை, அதே பனிமலை. நான் பேசிக்கொண்டிருந்தேன். சக்கரைக்கு நல்லது, உடாம சாப்பிட்டுக்கினே வாங்க. பக்கத்தில் இரண்டு பெண்கள் கையில் பொட்டலத்தோடு நின்றார்கள். வண்டிக்காரர், "சேகர் அண்ணன் புதுசா போட்டுக் குடுத்தாரும்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்வது கேட்டது. அஞ்சலை ஒரு கம்பை ஊன்றி, விந்தி விந்தி, படம் மேலும் கீழுமாகக் குலுங்க அந்தப் பெண்களிடம் நடந்தாள்.

"தோ, அவளே கீறா. இவகிட்டயே கேளுங்க. பேசு செல்வி."

பேசினேன். கஞ்சிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, சமையலறையே அதிர, என் ஊர்ப் பேச்சில் பேசினேன். அந்தப் பொடியில் ஒன்றுமில்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள், நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்துக் கூடத்தில் முதியவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்காக அவர்களுக்குப் பரிமாறியிருக்கிறேன், என் குரல் இப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு பெண் கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"ரெண்டும் இவ கொரலாதான் கீது," என்றாள். "எத்த நம்புறது?"

அஞ்சலை புடவையைக் கணுக்கால் வரை தூக்கினாள். விரல் இல்லாத இடத்தைக் கம்பால் சுட்டினாள். "இத்த நம்பு."

அந்தப் பெண் பொட்டலத்தை வண்டியில் திரும்ப வைத்தாள். மற்றவள் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். வண்டி கிளம்பி மானாம்பதிச் சாலையில் திரும்பியது. என் ஒரு குரல் அதோடு போய்க்கொண்டிருந்தது, இன்னொன்று அஞ்சலையின் கைக்குள், 'கேக்குதா, கேக்குதா' என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தது. கஞ்சி அடிபிடிக்கும் வாசனை வந்தது. ரீத்தா வந்து அடுப்பை அணைத்தார்.