மூன்று பெட்டிக் குண்டு

ராட்சத ரோபோக்கள் சண்டையிடும் கணினி விளையாட்டை நானும் அக்காவும் ஜோடியாக ஆடுகிறோம். அவள் சித்தூரில், நான் திருப்பதியில். இருவர் காதிலும் ஹெட்போன். என் ரோபோ ஐம்பது டன்னுக்கு மேல் சுமக்காது. பீரங்கிக் குண்டுப் பெட்டி ஒன்று ஒரு டன். அதில் இருபது குண்டு. பெட்டியைக் குறைத்தால் அந்த எடைக்குக் கவசம் போடலாம். அக்காவுடையது லேசர். அதற்குக் குண்டே வேண்டாம். ஆனால் விடாமல் சுட்டால் ரோபோ சூடேறிச் சற்று நேரம் நின்றுவிடும்.

நாற்பது ஆட்டங்களில் எத்தனை குண்டு சுட்டேன் என்று டைரியில் குறித்திருந்தேன். சராசரி ஐம்பத்தெட்டு. நான் சுமந்ததோ நூறு. இரண்டு பெட்டிகளை இறக்கிவிட்டு இரண்டு டன் கவசம் ஏற்றினேன்.

மாற்றியது சீசனின் கடைசி நாள், ஞாயிறு மதியம். இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் மேல் வரிசை; தோற்றால் புள்ளிகள் அழிந்து மறுபடி முதலிலிருந்து. மூன்று சீசன்களாக அந்த ஒரு படியில்தான் தவறிக்கொண்டிருந்தோம். எனக்கு அது பெரிதில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"எல்லாம் சரியா எடுத்துக்கினியாடா?"

"கணக்கா இருக்குதுக்கா."

எதிரிகள் இருவரில் ஒருவனை வீழ்த்தினோம். மற்றவன் பாறைகளுக்கிடையே ஓடி ஓடிச் சுட்டான். நானும் விடவில்லை. அறுபதாவது குண்டோடு பீரங்கி அடங்கியது.

"அக்கா, குண்டு ஆயிப்போச்சு."

"இன்னாது?"

"சராசரி பாத்துத்தான் எடுத்தேன்."

"உன் சராசரில தீய வை! என்னுது சூடாகி நின்னுட்ச்சு, அவன் என் மேலயே வந்துக்கினு கீறான்!"

ஏறக்குறையப் பாதி ஆட்டங்களில் சராசரிக்கு மேல்தான் சுட்டிருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லா எண்களும் என் கையெழுத்திலேயே இருந்தன. நான் பார்த்தது சராசரி எழுதிய கடைசி வரியை மட்டும்.

ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றேன். கை போனது, தோள் போனது. புதிதாக ஏற்றிய கவசம் துண்டு துண்டாக உதிர்ந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்க்கா?"

"நவுராத. நாலு செகண்டு... ஆச்சு, குனிடா!"

"ரோபோ குனியாதுக்கா!"

"அப்ப ஓரமா போ!"

விலகினேன். லேசர் பாய்ந்தது, எதிரி சரிந்தான். அக்கா போட்ட சத்தத்தில் "ஏமைந்தி, ஏமைந்தி?" என்று தெலுங்கில் என்ன ஆச்செனக் கேட்டுக்கொண்டே மாமா ஓடிவருவது ஹெட்போனில் கேட்டது.

"ஒண்ணுமில்லிங்க, மேல ஏறிட்டோம்!"

உடனே மேல் வரிசையில் ஓர் ஆட்டம் தொடங்கினோம். இம்முறை நான்கு பெட்டி ஏற்றினேன். முப்பது குண்டு சுடுவதற்குள் எங்கள் இரண்டு ரோபோக்களையும் நொறுக்கிவிட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொண்ணு போடுடா. இவங்க கையால அடி வாங்கத்தான மூணு சீசனா ஏங்கிக்கினு இருந்தேன்."