கேம் சக்கரத்தில் தோல் ஷாப்புக் குறி

முதலாளியின் மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறாமல் திணறத் தொடங்கியதும் வேலூருக்குக் கொண்டுபோனேன். கேம் தேய்ந்துவிட்டது என்றார் அங்கே மோட்டார் ஷெட் வைத்திருந்த மேஸ்திரி. எஞ்சினுக்குள் சுழன்று வால்வைத் தூக்கிவிடும் இரும்பு மேடு அது. இரண்டு உண்டு, இரண்டும் மழுங்கியிருந்தன. புதியது சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும், விலையும் ஜாஸ்தி என்றதும், உடைத்துப்போட்ட வண்டியில் கழற்றிய ஜோடி ஒன்றை முதலாளி மதராஸிலிருந்து கம்மி விலையில் வரவழைத்தார்.

அவருடைய ஆம்பூர் தோல் ஷாப்பில் என் அப்பா, பதனிடும் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால்தான் தோல் வாங்கும் குமாஸ்தா வேலையும், சந்தைக்குப் போக அந்த வண்டியும் எனக்குக் கிடைத்தன. குடியாத்தம் சந்தைக்கு வண்டி ஓடாவிட்டால் என்னையும் குழிக்கே அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர்.

பலருடைய தோல் ஒரே குழியில் ஊறுமாதலால், தோலின் ஓரத்தில் உளியால் குறி போட்டுத்தான் இறக்குவார்கள். எங்கள் குறி ஒற்றைப் புள்ளி. மேஸ்திரி கேமை மாற்றிவிடுவாரோ என்று முதலாளிக்குச் சந்தேகம். கேமோடு சேர்ந்திருந்த பல்சக்கரங்களிலும் அந்தப் புள்ளியை அடிக்கச் செய்து, கந்தையில் சுற்றிக் கொடுத்தார். மேஸ்திரியிடம் மூச்சு விடக் கூடாது என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஷெட்டில் நான் மேஸ்திரியின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவர் அதிக நேரம் கழித்து வந்தார். பெட்ரோல் டாங்கின் மூடியைக் காணோம். கேட்டதற்கு, எங்கேயாவது இருக்கும் என்றார். மூடியே போனால் கேம் போகாதா என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்டி முடித்து உதைத்தேன். வண்டி கிளம்பவில்லை. கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. திரும்பத் திரும்ப அதே தும்மல். மாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டி, திறந்து காட்டச் சொன்னேன். அவர் முறைத்துக்கொண்டே திறந்தார். சக்கரங்களில் எங்கள் புள்ளி இருந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளியும் இருந்தது.

எந்தப் பல் எதோடு சேர வேண்டும் என்று காட்டுவதற்காக, சக்கரத்தைச் செய்த கம்பெனியே வைத்த புள்ளி அது. பளிச்சென்று இருந்த எங்கள் குறியை நம்பி மேஸ்திரி பூட்டியிருக்கிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் சந்தைக்கு வண்டி இல்லை. திறந்தால் முதலாளியின் ரகசியம் போய்விடும். சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னா தம்பி, என் ஷெட்டையும் தோல் குழின்னு நெனைச்சிட்டாரா உங்க முதலாளி சாயபு?"

அவர் மடியிலிருந்து டாங்க் மூடியை எடுத்து என் முன்னால் வைத்தார். "நான் மட்டும் இன்னா, அவர நம்பினேனா? கூலி குடுக்காம நீ ஓட்டிக்கினு போய்ட்டா?"

கழற்றிப்போட்ட பழைய சக்கரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரியான புள்ளியைக் கண்டுபிடித்துப் பூட்டினோம். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்போதும் அவர் கூலியை வாங்கிய பிறகே மூடியைத் திருகினார். அப்போதும் நான் பழைய கேம்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆம்பூரில் முதலாளி வண்டியைச் சுற்றி வந்து சத்தத்தைக் கேட்டார். முகம் தெளிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"குறி இருக்குதா?"

"இருக்குதுங்க."

"எஞ்சின் மூடி போட்டாச்சே. நீ எப்படிப் பார்த்தே?"

நடந்ததைச் சொன்னேன். அதுவரை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்க்கத் தொடங்கினார்.

"அவன்கிட்ட நீயே சொன்னியா?"

"சொல்லாட்டி வண்டி ஓடாதுங்க."

மறுநாள் விடியற்காலை சந்தைக்கு வண்டியை எடுத்தேன், வேலை போகவில்லை. எப்போதும் என் இடுப்பில் கட்டி அனுப்பும் பணப்பை மட்டும், அவருடைய மச்சானோடு ரயிலில் வந்தது.