டால்வா முறித்த நேர்த்திக்கடன்

பள்ளிக்கூடச் சமையற்காரி டால்வாவிடம் பதற்றத்துக்கான சொட்டு மருந்து வந்து சேர்ந்தது, புருஷன் செத்த வருஷம். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றுதான் டாக்டர் எழுதினார். பிறகு சுகாதார நிலையத்தில் டாக்டர்கள் மாறினார்கள். மருந்துச்சீட்டு மட்டும் மாறவில்லை. ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புதுப்பித்துக் கொடுத்தார்கள். மினாஸ் மாநிலத்து மலையூர்களில் இது அதிசயமா என்ன? காப்பிக்குச் சர்க்கரை கேட்பதுபோல் பக்கத்து வீட்டில் நாலு சொட்டு கைமாற்று வாங்குவார்கள்.

மகள் ஜோசியானிக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. டால்வா அப்பரேசிடா மாதாவின் முன்னால் போய் நின்றாள். விடமுடியாத ஒன்றை விட்டால்தானே அது நேர்த்திக்கடன்? தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவள், புட்டியை அப்படியே கழுவுதொட்டியில் கவிழ்த்தாள்.

"இனிமே ஒரு சொட்டு கிடையாது தாயே. பிள்ளையைக் காப்பாத்திக் குடு."

அன்றோடு தூக்கம் போயிற்று. கரண்டி விழுந்தால் அந்தச் சத்தம் பல்லுக்குள் குத்தியது. கை உதறியது. தவக்காலத்து வேதனைதானே, தாங்குவோம் என்று கிடந்தாள். ஒரு மத்தியானம், பீன்ஸ் அண்டாவுக்குப் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுந்தாள். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம்.

சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் தமிரிஸ் கத்தினாள்: "யாரு உங்களை ஒரேயடியா நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல டாக்டரம்மா. நிறுத்தக் கூடாதுன்னும் இத்தனை வருஷத்துல யாரும் சொல்லலியே."

டாக்டரின் குரல் இறங்கியது. "தப்பு எங்க மேலதான். மறுபடி ஆரம்பிங்க. உடம்பு நிலைக்கு வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். வருஷத்துக்கு மேலகூட ஆகலாம். அவசரப்பட்டா உயிருக்கே ஆபத்து."

"அப்ப நேர்த்திக்கடன்?"

"மாதா உங்க பிணத்தையா கேட்டா?"

டால்வா மருந்தைக் குடித்தாள். ஒவ்வொரு சொட்டும் தம்ளரில் விழும்போது மகளின் வயிற்றைத்தான் நினைத்தாள்.

நாத்தனார் கிரேயுசா விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "மாதாவுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிட்டீங்களாமே அண்ணி! சரி விடுங்க, உங்க கடனை நான் தூக்கிக்கறேன். முழங்காலாலயே கோயில் படி ஏறுறேன்."

"உன் பையிலயும் இதே புட்டிதானே இருக்கு?"

"அது தூக்கத்துக்கு அண்ணி. நான் என்ன வலிப்பு வந்தா விழுறேன்?"

செப்டம்பரில், அந்த ஊர் வசந்தத்தில், குழந்தை சுகமாகப் பிறந்தது. படியேறிய கிரேயுசாவின் முழங்காலை ஊரே கும்பிட்டது. ஜோசியானி குழந்தையை அத்தை மடியில் போட்டாள். அம்மா கை நீட்டினால், "விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா? மருந்தை முடிச்சுட்டு வாங்கம்மா" என்றாள்.

டால்வா டாக்டரிடம் ஓடினாள். "சீக்கிரம் குறைச்சுடலாமே?"

"உங்க உடம்பு மறுபடி உதறுதா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல."

"உதறுது."

"அப்ப இந்த மாசம் குறைக்கவே வேணாம். இருக்கிற அளவுலயே நில்லுங்க."

ஞானஸ்நானத்தன்று வீடு நிறையக் கூட்டம். கிரேயுசா புதுப் பாவாடையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். காலடியில் அவள் பை. இரண்டு கொட்டாவி விட்டாள். ஜோசியானி அடுக்களைக்குள் வந்தாள்.

"முடிச்சுட்டீங்களா அம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தை கைக்கு வந்துவிடும். யார் போய்ச் சொட்டை எண்ணப் போகிறார்கள்? ஆனால், கையில் வைத்திருக்கும்போது தப்பித்தவறி ஒன்று ஆகிவிட்டால்?

"இல்லடி. அடுத்த குளிர்காலம் ஆகும்."

"அப்ப அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் மகள். மேசையிலிருந்த பெரிய கத்தியை எடுத்து நீட்டினாள். "கேக்கை வெட்டுங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

கத்தியைப் பிடிக்க மட்டும் அந்தக் கை போதுமாயிருந்தது.