குறை என்ற கட்டம்

எங்கள் கம்பெனியில் அவரை நட்டு என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேரிலேயே. "நட்டு சார், போன்" என்றால் வந்து எடுப்பார். சட்டைப் பையில் எப்போதும் நாலு நட்டும் இரண்டு வாஷரும் கிடக்கும். நடந்தால் சத்தம் வரும். புதிதாகச் சேர்கிறவர்கள், ஆசாமிக்கு நட்டு கழன்றுவிட்டது போல என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. கழன்றிருந்தால் மனுஷன் நிம்மதியாக இருந்திருப்பார் என்பது என் கருத்து.

லிப்ட் பராமரிப்பது எங்கள் தொழில். அவர் மெக்கானிக், இருபத்தாறு வருஷம். நான் அலுவலகத்தில் கார்டு அடுக்குகிறவள், பத்தொன்பது வருஷம். ஒவ்வொரு லிப்டுக்கும் மாதம் ஒரு மஞ்சள் கார்டு உண்டு. அதில் நாலு கட்டம்: பார்த்தது, குறை, செய்தது, அடுத்த தேதி. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது என்பது விதி. குறை ஒன்றும் இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலையில் மெக்கானிக்குகள் போன வாரத்துக் கார்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார்கள். நான் ஒவ்வொன்றிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கோப்பில் போடுவேன். சரிபார்ப்பதாவது ஒன்றாவது. கை பாட்டுக்குக் குத்தும், கண் சன்னலுக்கு வெளியே இருக்கும்.

மற்றவர்களின் கார்டுகளில் பாதிக்கு மேல் 'இல்லை'தான். நட்டுவின் கார்டில் அந்தச் சொல்லை யாரும் பார்த்தது கிடையாது. நேற்று மாட்டிய லிப்டாக இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார். கதவு மூடும்போது அரை விநாடி தயங்குகிறது, ஐந்தாம் மாடிப் பொத்தானில் வெளிச்சம் மங்கல், இப்படி. ஒருமுறை கேட்டேன்.

"ஏன் சார், எல்லாத்துலயும் ஒரு நொட்டை சொல்லியே ஆகணுமா?"

"இல்லைன்னு எழுதினா நான் சரியா பார்க்கலைன்னு அர்த்தம் மேடம்."

லிப்டுக்கு அது நல்ல குணம். அவர் பார்த்துக்கொண்ட லிப்டில் இதுவரை ஒருவரும் மாட்டிக்கொண்டதில்லை. வீட்டு மனிதர்கள்தான் அவரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

மனைவி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகள். அவள் கல்யாணமாகிப் புது வீட்டுக்குக் குடிபோனதும் இவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். போன மனுஷன் கையைக் கழுவிக்கொண்டு உட்கார வேண்டியதுதானே. டார்ச்சை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியிருக்கிறார். சன்னல் தாழ்ப்பாள் தளர்வு, குளியலறைக் கதவு அடியில் உரசுகிறது, கேஸ் குழாய் பழசு. வாயால் சொல்லியிருந்தாலாவது காற்றோடு போயிருக்கும். பையிலிருந்து ஒரு மஞ்சள் கார்டை எடுத்து, பதினான்கு குறைகளை வரிசையாக எழுதி, கையெழுத்தும் போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பதினான்காவது: 'வீட்டுக்காரர் எதையும் கவனிப்பதில்லை.' அதை மருமகனின் அம்மா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுப் படித்தாளாம்.

நல்லதுக்குத்தான் செய்தேன் என்பார். உலகத்தில் பாதிக் கெடுதல் அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அதற்கப்புறம் மகள் வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை, வரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் மட்டும் வரும். மூன்று நிமிடம். பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். எல்லாவற்றையும் போட்டோவில்தான் பார்த்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் ஒரு திங்கட்கிழமை நடந்த தப்பால்தான். நட்டு தன் கட்டை வைத்துவிட்டுப் போனார். வழக்கம்போல் குத்தி முடித்தேன். பத்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"மேடம், என் கட்டுல ஒரு கார்டு தப்பா வந்திருக்கும். கொஞ்சம் குடுத்துடுங்க."

தேடினோம். அடியிலிருந்து மூன்றாவது. என் முத்திரை அதில் பளிச்சென்று இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அன்றுதான் ஒரு கார்டை முழுதாகப் படித்தேன்.

லிப்ட் எண்: நான்.
பார்த்தது: ஞாயிறு, மகளுடன் போன், மூன்று நிமிடம்.
குறை: சொல்லி முடிக்கும் முன் இரண்டு முறை குறுக்கே பேசினேன். குழந்தைக்குச் சளி என்றாள். சன்னலைச் சாத்தாமல் விட்டிருப்பாய் என்றேன்.
செய்தது: வாயை மூடினேன். தாமதமாக.
அடுத்த தேதி: அடுத்த ஞாயிறு.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. கார்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றார். நடைபாதைக் கடையில் ஒரு தன்முன்னேற்றப் புத்தகம் வாங்கினாராம். தினமும் உன்னை நீயே பரிசோதித்துக்கொள் என்று அதில் போட்டிருந்ததாம். பரிசோதனை என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

"அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிடுவேன் மேடம். அதுக்கப்புறம் நான் பேசறதுக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். அதுக்குள்ள என்னைச் சரி பண்ணிக்கணும்."

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா சார்?"

"எனக்கு ஐம்பத்தொன்பது" என்றார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. பிறகு முத்திரையைக் காட்டினார். "இது விழுந்துடுச்சு. இனிமே அடுத்த தேதி தப்பக் கூடாது, இல்லையா?"

"தப்பக் கூடாதுதான்" என்றேன் நான், கிண்டலாக.

அவர் கிண்டலை எல்லாம் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. மறு திங்கட்கிழமை மற்ற கார்டுகளின் மேல் தன்னைப் பற்றிய புதுக் கார்டைத் தனியாக வைத்தார். அப்புறம் ஒவ்வொரு திங்களும். நான் படிப்பேன், குத்துவேன், என் இழுப்பறையில் வைப்பேன். குறை இரண்டாக இருந்தது ஒன்றானது. 'குறுக்கே பேசவில்லை. ஆனால் பெருமூச்சு விட்டேன், கேட்டிருக்கும்.' ஒருமுறை மூன்று நிமிடம் நாலாகிவிட்டது என்று கோடு போட்டுக் காட்டியிருந்தார். மனிதர்களைத் திருத்த முடியும் என்று நான் நம்புகிறவள் இல்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், கூடப் பிறந்த அண்ணனிடம் பேசி ஆறு வருஷமாகிறது, காரணம்கூடப் பாதி மறந்துவிட்டது, இருந்தும் போனை எடுக்கக் கை வருவதில்லை. என் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்காது. அதனாலோ என்னவோ, திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அந்த வீட்டுக் கதையில் எனக்கும் ஓரமாக ஓர் இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

நடுவில் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். மோட்டார் அறைச் சாவி அவரிடம் இருந்ததால் வாங்கிவரப் போனேன். ஊரெல்லாம் லிப்ட் ஏற்றி இறக்குகிற மனுஷன் குடியிருப்பது லிப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி. வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. வயதான காலத்துக்கு எல்லாம் தயார். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. படுக்கையிலிருந்து கை எட்டும் தூரத்தில் விளக்கு சுவிட்ச். கண் மங்கினாலும் தெரியட்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் போன் நம்பர்கள்: ஆஸ்பத்திரி, தீயணைப்பு, எங்கள் அலுவலகம், மகள். நாலே நாலு. இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. நான் அதில்தான் உட்கார்ந்தேன். அசைந்தால் சத்தம் போட்டது. சாவியை வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

அவர் ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை. குடும்பத்தோடு போகிறார்கள். குறைந்தது ஐந்து வருஷம். திங்கட்கிழமை விடியற்காலை விமானம். முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருகிறாளாம். ஒரு மணி நேரம்.

வெள்ளிக்கிழமை மாலை என் மேஜைக்கு வந்தார். நின்றார். பையில் கைவிட்டு வாஷரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பயமா இருக்கு மேடம். போன்ல மூணு நிமிஷம்னா அடக்கிக்கலாம். இது ஒரு மணி நேரம்."

நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். "சிம்பிள் சார். வாயைத் திறந்தாத்தான் உங்களுக்கு நொட்டை வரும். திறக்காதீங்க. எதைக் கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. ஒரு மணி நேரம் யாரும் செத்துப்போக மாட்டாங்க."

தலையாட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே என் மேஜையருகே நின்றிருந்தார். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். கார்டை நீட்டினார். குறை என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தில் ஒரே சொல்: இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அடடா. சொல்லுங்க சார், சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஒரு குறைகூட சொல்லலை மேடம். குழந்தை என் மடியில உக்காந்துது. செருப்பு வார் தளர்ந்திருந்துச்சு, சொல்லலை. அவ இளைச்சிருந்தா, கேக்கலை. பாஸ்போர்ட்டை வெளிப்பையில வெச்சிருந்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அவளுக்கே ஆச்சரியம். 'என்னப்பா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?'ன்னா. எல்லாம் நல்லா இருக்கும்மான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பெட்டியை முன்னாடியும் பின்னாடியும் உருட்டிக்கிட்டே இருந்தா. கிளம்பும்போது, 'இந்தச் சக்கரம் ஆடற மாதிரி இல்லப்பா?'ன்னு கேட்டா. அந்த வலையில நான் விழுந்துடுவேனா? 'நல்லாத்தான்மா இருக்கு'ன்னுட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. 'சரிப்பா'ன்னா. போயிட்டா."

அவர் முகத்தில் தேர்வு எழுதி முடித்தவரின் களைப்பும் பெருமையும் இருந்தன. எனக்கு மட்டும் உள்ளே எதுவோ இடறியது.

"பெட்டியா? பெட்டி எதுக்கு சார் உங்க வீட்டுக்கு?"

"ஊருக்குப் போறவங்க ஆச்சே மேடம்."

"போறது இன்னிக்கு விடியக்காலை. வந்தது நேத்து. உள்ள சாமான் ஏதாவது இருந்துச்சா?"

யோசித்தார். சத்தங்களை வைத்தே குறை கண்டுபிடிக்கிற காது அது. "இல்லை. காலி. படியில இறங்கும்போது தட்டுச்சே, காலிப் பெட்டிச் சத்தம்தான்."

"இடுப்புல குழந்தை. மூணு மாடி. லிப்ட் கிடையாது. காலிப் பெட்டியை எதுக்கு சார் அவ தூக்கிட்டு வரணும்?"

நான் கேட்டிருக்கவே கூடாதோ என்று அந்த விநாடியே தோன்றியது, ஆனால் கேட்டாகிவிட்டது. வாயைத் திறக்காதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் வாயை மூடத் தெரியவில்லை.

அவர் கை சட்டைப் பைக்குள் போயிற்று. ஒரு வாஷரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"இடது சக்கரம். வாசல்ல வெச்சதுமே தெரிஞ்சுது. வாஷர் தேஞ்சுபோச்சு. இந்த அளவுதான்."

"எவ்வளவு நேரம் ஆகும், மாத்த?"

"ரெண்டு நிமிஷம்."

"நேத்து இது எங்க இருந்துச்சு?"

"பையிலதான் இருந்துச்சு மேடம்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "அவ சின்னப் புள்ளையா இருக்கும்போது எது உடைஞ்சாலும் என்கிட்டதான் கொண்டு வருவா. ஒண்ணும் பேச மாட்டா. முன்னாடி வெச்சுட்டு நிப்பா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம், இரண்டு பேரும். விமானம் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் பேனாவை எடுத்தார். 'இல்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். அதன் கீழே 'இடது சக்கரம்' என்று எழுதினார். 'செய்தது' என்ற கட்டத்தில் பேனா நின்றது. கடைசியில் 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதினார். 'அடுத்த தேதி'க்கு வந்ததும் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதை மட்டும் வெறுமையா விட்டுடட்டுமா மேடம்?"

"விதி இருக்கே சார்" என்றேன். வேறு என்ன சொல்ல.

குனிந்து எழுதினார். எழுதிவிட்டு, கார்டை என் பக்கம் தள்ளிவிட்டு, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வாஷர் என் மேஜையிலேயே கிடந்தது.

'அவள் வரும்போது' என்று எழுதியிருந்தார். விதிப்படி அது தேதி ஆகாது. திருப்பி அனுப்ப வேண்டிய கார்டு. நான் முத்திரையை எடுத்துக் குத்தினேன், முழுதும் படித்துவிட்டுத்தான்.