முத்தியால்பேட்டையில் ஒரு மிசோ சூப்

கிண்ணத்தின் மூடியைத் திறந்தவுடன் பொறியாளர் சாப்பிட்டுவிட மாட்டார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்வார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதைச் சமைத்தவர் இதை எப்போதாவது சாப்பிட்டிருக்கிறாரா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்பார். புதுச்சேரிக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலையில் அவர் ஜப்பானிலிருந்து வந்த தலைமைப் பொறியாளர், நான் மொழிபெயர்ப்பாளர். இயந்திரங்களைப் பற்றிப் பேசியதைவிட உணவகங்களில் அவர் சந்தேகங்களைத் தமிழாக்கியதே அதிகம். கடற்கரைப் பக்கம் ஜப்பானியப் பலகை மாட்டிய கடை ஒன்றையும் அவர் விடவில்லை. ஓரிடத்தில், ஒட்டும் அரிசியில் செய்ய வேண்டிய சுஷி பாசுமதி அரிசியில். இன்னோரிடத்தில், மிசோ என்னும் புளித்த சோயா விழுதைக் கரைக்க வேண்டிய சூப்பில் தக்காளி சாஸ். மீன் துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தொடாமலே எழுந்துவிடுவார்.

எங்கள் ஓட்டுநர் வீராம்பட்டினத்துக்காரர். ஒரு நாள் அவர் சொன்னார்: "முத்தியால்பேட்டைல ஒரு மாடி வீட்ல மத்தியானம் மட்டும் ஜப்பான் சாப்பாடு போடுறாங்க மேடம். எம் மச்சான்தான் மீன் குடுக்குறான். போர்டுலாம் கெடையாது."

போர்டு இல்லாததே பொறியாளருக்கு முதல் சந்தேகம். மூன்றே மேசைகள். பரிமாறியவர் நடுவயதுத் தமிழர். சமையலறை வாசலில் நீலத் திரை. சூப் வந்தது, வழக்கம்போல் முகர்ந்தார். ஆனால் இந்த முறை கேள்வி வரவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "யார் சமைத்தது?" என்றார்.

"எங்க வீட்டம்மா. வெளிய வரமாட்டாங்க சார்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பொட்டலத் தூளைக் கரைத்துவிட்டுக் கதை சொல்கிறார்கள் என்றார் என்னிடம். பின் எழுந்து, திரையைப் பார்த்து உரக்கப் பேசினார்: "இது வெள்ளை மிசோ. இனிப்புத் தூக்கல். நீங்கள் கியோட்டோ பக்கம், இல்லையா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் கேட்டது: "உங்களை அனுப்பியது யார்? என் அண்ணனா?"

பொறியாளர், பசித்துத்தான் வந்தேன் என்றார். "போன முறை வந்தவரும் அப்படித்தான் சொன்னார்" என்றது குரல். பரிமாறிய கணவரின் முகம் இறுகிவிட்டது. "சார், சாப்ட்டது போதும். கெளம்புங்க."

அடுத்த வாரம் போனபோது கதவு திறக்கவில்லை. இத்தனை நாள் தேடிக் கிடைத்த ஒரே ருசியைத் தானே கெடுத்துக்கொண்டதில் அவர் ஒடுங்கிப்போனார். எனக்கோ வேறு சந்தேகம்: அந்தப் பெண் விருப்பத்தோடுதான் அங்கே இருக்கிறாரா? அதைத் தெரிந்துகொள்ளவே தனியாகப் போனேன்.

கணவர் படியிலேயே மறித்தார். அந்த அம்மா விரும்பித்தான் இங்கே இருக்கிறாரா என்று கேட்டேன். "ஜப்பானுக்கு வேல பாக்கப் போனேன். பிரியப்பட்டுக் கட்டிக்கிட்டோம். அவங்க வீட்ல ஏத்துக்கல. அண்ணங்காரரு ஆள் வெச்சுத் தேடிக்கினே இருக்காரு. எங்க கூட்டிப் போயிடுவாரோன்னு தூக்கமே இல்ல மேடம்."

அவர் முடிக்கும் முன் அந்த அம்மாளே திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். நைட்டி, நெற்றியில் பொட்டு, கையில் கரண்டி. என்னை மேலும் கீழும் அளந்தார். "யாரும் என்ன புடிச்சு வெக்கல" என்று தமிழில் சொன்னார். பிறகு, "அன்னிக்கி வந்தவரு சூப்ப ஃபுல்லா குடிச்சாரா?"

"ஒரு சொட்டு வெக்கல."

உள்ளே போகத் திரும்பினார். "வரச் சொல்லு. ஒண்ணும் கேக்கக் கூடாது."

அதன்பின் சனிக்கிழமைதோறும் போனோம். பொறியாளர் பேசவே மாட்டார். சாப்பிட்டு, திரையை நோக்கித் தலைகுனிந்து வணங்கி, இறங்கிவிடுவார். திரை ஓரம் சிலமுறை அசைவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் இன்னமும் நம்பாமல் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பொறியாளர் ஜப்பான் திரும்பும் முன் கடைசியாகப் போன அன்றுதான் உள்ளிருந்து குரல் வந்தது: "போயிட்டு வாங்க." தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் ஒன்றைப் பொறியாளர் தேடி எடுத்தார்: "வர்றேன்."

இப்போது புதுச்சேரியில் ஜப்பானிய உணவகங்கள் பெருகிவிட்டன. பொறியாளர் எப்போதாவது ஜப்பானிலிருந்து தொலைபேசியில் கூப்பிடுவார். அந்த வீட்டைப் பற்றி, அந்தச் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். தன் பக்கத்தில் இருப்பவர் அந்த அண்ணனின் ஆளாக இருந்துவிட்டால் என்று அவருக்குச் சந்தேகம். "ஊரில் எல்லாரும் நலமா?" என்பார்.

"நலம்" என்பேன்.