கேப்டன் சொன்ன வார்த்தை

ஆவடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவர், பேசும்போதெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் காதோரம் சொறிந்துகொள்வார்.

அன்று என் மகள் போனை எடுக்கவில்லை. அவளுடைய நோட்டில், “என்னைத் தேடாதீங்க, திரும்பி வரமாட்டேன்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவள் கம்ப்யூட்டர் அவரிடம் சர்வீசில் இருந்தது. அதில் ஏதாவது தெரியுமா என்று நோட்டோடு அவரிடம் ஓடினேன்.

நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாக்கா, இது துப்பாக்கி கேமு ரெண்டாம் பாகத்துல கேப்டன் சாவறப்ப சொல்றது. அல்லாரும் கதை மொக்கைன்னு வுட்டுட்டு ஆன்லைன்ல சுட்டுகினு கீறானுங்கோ. அந்தக் கதைதான்க்கா கேமே! உன் பொண்ணுக்குப் புரிஞ்சிகீது.”

அந்தக் காட்சியை ஓடவிட்டார். கேப்டன் அதே வார்த்தைகளைச் சொன்னான். அதற்குள் மகளும் டியூஷன் முடிந்து கூப்பிட்டாள்.

நான் அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்காகவா, கேப்டனுக்காகவா என்று இன்னும் தெரியவில்லை.