முதல் சிறுநீரைக் கொட்டிவிடுங்கள்

சிறுநீர் சுமக்கிற வேலை என்று சொன்னால் ஊரே சிரிக்கும். மோட்டார் சைக்கிளில் சாமான் டெலிவரி ஓடி முதுகு போனவர்கள் மட்டும் சிரிக்கமாட்டார்கள். கிட்னி நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் போத்தலை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். சிறுநீரோடு கிட்னியின் செல்களும் கொஞ்சம் உதிர்ந்து வருமாம். அவற்றை உயிரோடு பிடித்துத் தட்டில் வளர்த்து, எந்த மருந்து கேட்கிறது என்று அதில் போட்டுப் பார்க்கிறார்கள். நான் படித்தது ஆறாம் வகுப்பு. போத்தலில் பெயர் எழுதி ஒட்ட அது போதும்.

ஒருநாள் பட்டியலில் என் அண்ணன் பெயர் இருந்தது. ஒன்பது வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. அவர் மகள் கல்யாணக் கார்டில் என் பெயர் இல்லை. தாய்மாமன்கள் மூன்று பேரும் இருந்தார்கள், சித்தப்பா இல்லை. அச்சகத்துத் தவறு என்றார்.

அவருக்குப் பழைய மருந்து கேட்கவில்லை. ஊசி விட்டுக் கிட்னியில் சதை எடுத்தால் ரத்தம் நிற்காது. மூன்று தடவை சிறுநீர் வாங்கிப் பார்ப்பார்கள். செல் பிடிக்காவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் டயாலிசிஸ்தான்.

பூக்கடை அக்கா

காலையில் முதலில் போவது எங்களுக்கு ஆகாது. இரவு முழுக்க உள்ளே கிடந்ததில் செல்கள் செத்திருக்கும். அதைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். ஆனால் கிளினிக்கில் பல வருஷம் பழகியவர்கள் முதலில் போவதைத்தான் பத்திரமாகப் பிடித்து வைப்பார்கள். லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா அப்படித்தான், வாழையிலையில் சுற்றி வேறு கொடுத்தார். ஆகாது என்றேன்.

"கிளினிக்குல மொதல்ல போறத கேக்குறாங்க, நீங்க ரெண்டாவத கேக்குறீங்க. நீங்க எல்லாம் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு, அப்புறம் வந்து போத்தல நீட்டுங்க லா!"

சூலியா தெரு பாய்

காசு மாற்றும் கடை வைத்திருக்கும் பாய் ஒழுங்காக இரண்டாவதைத்தான் பிடித்தார். நான் வருவதற்குள் கெட்டுவிடுமே என்று பிரீசரில் வைத்துவிட்டார். போத்தல் கல்லாக இருந்தது. குளிர்ச்சி போதும், உறைந்தால் செல் செத்துவிடும் என்று வெயிலில் நின்று விளக்கினேன்.

"மீன வச்சா மூணு மாசம் கெடாது. இது என்னா அண்ணே, மீனை விட ஒசத்தியா?"

ஜெலுத்தோங், முதல் இரண்டு தடவை

ஜெலுத்தோங்கில் அண்ணன் வீடு ஆறாவது மாடி. அண்ணிதான் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் உள்ளே டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடும் மஞ்சள் நிறத்தைப் பார்த்ததுமே விடிகாலையில் பிடித்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பூக்கடை அக்காவிடம் ஆகாது என்று சொன்ன வாய் அங்கே திறக்கவில்லை. கல்யாணக் கார்டு ஞாபகம் வந்தது. பெயரை எழுதி ஒட்டி எடுத்து வந்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அப்படியே செய்தேன்.

ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் பெண் மாலதி. அந்த ஜெலுத்தோங் நோயாளி என் அண்ணன் என்று அவளுக்குத் தெரியாது.

"அவரு செல் ரெண்டு தடவையும் செத்துப்போச்சு அங்கிள். இன்னும் ஒரு சான்ஸ்தான் இருக்கு. வீட்டுல சொல்லிக் குடுக்குறது உங்க வேலதானே?"

மூன்றாவது தடவை

அண்ணி நீட்டிய போத்தலை வாங்கவில்லை. உள்ளே போய் அண்ணன் எதிரில் நின்றேன்.

"மொதல்ல போனது ஆகாது. கொட்டுங்க. தண்ணி குடிச்சிட்டு அடுத்தத புடிச்சிக் குடுங்க."

"இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"கார்டுல ஏன் என் பேரு இல்ல?"

அண்ணி ஒரு ஜக்குத் தண்ணீரை நடுவில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் குடித்தார், நான் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். சுவரில் அந்தக் கல்யாணப் படம். கடைசியில் கழிப்பறையிலிருந்து வந்து போத்தலை என் கையில் கொடுத்தார். இன்னும் சூடு இருந்தது.

"அச்சகத்து மேல பழி போட்டது பொய்தான்டா. நீ நிச்சயத்துக்கு வரலன்னு நான்தான் பேர எடுக்கச் சொன்னேன். நான் பண்ணது ஒரு தடவ, நீ பண்ணது ரெண்டு தடவ. சரி, ஓடு, நாலு மணி நேரந்தானாம்."

தட்டில்

பத்து நாள் கழித்து மாலதி கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். சோற்றுப் பருக்கைகளைக் கொட்டிவைத்த மாதிரி கூட்டமாகத் தெரிந்தது. யாருடைய செல் என்று கேட்டேன், தெரியாதவன் போல.

"ஜெலுத்தோங் அங்கிள்தான், நல்லா புடிச்சிக்கிட்டாரு. மருந்து கேக்குமா கேக்காதான்னு இனிமேதான் தெரியும். நீங்க ஏன் அங்கிள் கண்ணத் தொடைக்கிறீங்க?"

கார்டில் என் பெயரைப் போடாத மனிதரின் பெயரை இப்போது மாதம் ஒரு முறை, சோதனைக்குப் புதிதாக வாங்கும் போத்தலில் என் கையாலேயே எழுதி ஒட்டுகிறேன், அதுவும் ஒரு எழுத்துப் பிழையில்லாமல்.